ரீசெட் குத்தாதீர்கள்: டர்பனில் ரவுட்டர் டயல் ஆகாமல் நின்றால் என்ன செய்வது?

டர்பனுக்குப் புதிதாக வந்து வாடகை வீடு பிடித்த நம் ஆட்களிடமிருந்து எனக்கு வரும் போன் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்: "அண்ணா, நெட் வரல. ரவுட்டரை ரீசெட் பண்ணியும் பாத்துட்டேன், அப்பவும் வரல." முதல் வாக்கியம் வரைக்கும் எனக்குக் கவலை இல்லை. இரண்டாவதைக் கேட்டதும் அன்றைய சாயங்காலம் போச்சு என்று புரிந்துவிடும். கரண்ட் போய் வந்ததால் நின்ற நெட், பத்து நிமிடம் விட்டிருந்தால் தானாக வந்திருக்கும். ஊசியை எடுத்து அந்தக் குட்டித் துளைக்குள் குத்தியதில் உள்ளே இருந்த யூசர்நேம், பாஸ்வேர்ட் எல்லாம் அழிந்து, இப்போது நிஜமாகவே நெட் கிடையாது.

ரீஸ்டார்ட் வேறு, ரீசெட் வேறு. ஸ்விட்சை அணைத்துவிட்டுப் போடுவது ரீஸ்டார்ட். அதனால் எதுவும் அழியாது. பின்பக்கத் துளையில் பத்து விநாடி போல அழுத்திப் பிடிப்பது ரீசெட். ரவுட்டர் கடையிலிருந்து வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படி ஆகிவிடும். சில நிறுவனங்கள் தரும் ரவுட்டர்கள் ரீசெட்டுக்குப் பிறகு தங்கள் அமைப்புகளைத் தாமே இறக்கிக்கொள்ளும் என்பது உண்மைதான். உங்களுடையது அந்த ரகமா என்று சோதித்துப் பார்க்க, நெட் நின்றுபோன ராத்திரி சரியான நேரம் இல்லை.

ரவுட்டர் யாரை டயல் செய்கிறது?

ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் 'டயல்', 'கனெக்ட்', 'பிபிபிஓஇ' என்று சில சொற்கள் இருக்கும். டயல் என்றதும் கீச்சென்று கத்திக்கொண்டு போன் லைனைப் பிடித்துக்கொள்ளும் பழைய மோடம் நினைவுக்கு வரும். இப்போது எண் சுழற்றுவது இல்லை, ஆனாலும் ஒவ்வொரு முறை இணையும்போதும் ரவுட்டர் பெயரையும் பாஸ்வேர்டையும் சொல்லித்தான் உள்ளே போகிறது. அந்த முறைக்குப் பெயர்தான் பிபிபிஓஇ, 1999-இல் வகுத்தது. இங்குள்ள பழைய போன் நிறுவனமான டெல்காம் 2002-இல் ஏடிஎஸ்எல் (செம்பு போன் லைனில் வரும் நெட்) கொண்டுவந்தபோதும் இதே முறைதான், இன்று அதன் கிளையான ஓப்பன்செர்வின் ஃபைபரிலும் இதுதான். இன்னொரு ஃபைபர் நிறுவனமான வூமாடெல்லின் கம்பியில் பெரும்பாலும் இந்த டயல் வேலை கிடையாது. டிஹெச்சிபி என்ற முறையில் ரவுட்டரைச் செருகினாலே முகவரி கிடைத்துவிடும். உங்கள் வீட்டுக்கு வருவது எந்தக் கம்பி என்று முதல் நாளே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். டயலே தேவைப்படாத லைனில் டயல் ஆகவில்லை என்று ஒருவர் இரண்டு நாள் மல்லுக்கட்டியதைப் பார்த்திருக்கிறேன்.

உம்லாங்கா பக்கம் காம்ப்ளெக்ஸ் வீட்டில் இருக்கும் நண்பரைப் பார்க்கப் போயிருக்கிறீர்களா? அப்படியானால் பிபிபிஓஇ உங்களுக்குப் பாதி புரிந்த மாதிரி. கேட்டில் மணி அடிக்கிறீர்கள். காவலாளி எட்டிப் பார்த்து என்ன என்கிறார். பெயர், வீட்டு எண், ரகசிய எண் எல்லாம் சொல்கிறீர்கள். அவர் சரிபார்த்து ஒரு சீட்டு கொடுக்கிறார். அந்தச் சீட்டுதான் ஐபி முகவரி. ரவுட்டர் டயல் செய்யும்போது இதே வரிசைதான்: மணி, பதில், பெயர், சீட்டு. மணிக்குப் பதிலே வராதது ஒரு கோளாறு. பதில் வந்தும் பெயரைக் கேட்டு உள்ளே விடாதது இன்னொரு கோளாறு. சீட்டு கிடைத்து உள்ளே போயும் வீடு தெரியாமல் சுற்றுவது மூன்றாவது. எது என்று தெரிந்துகொண்டால் வேலை முக்கால்வாசி முடிந்தது.

இன்னொரு விஷயமும் ஊரிலிருந்து வருகிறவர்களைக் குழப்பும். ஊரில் கம்பி போட்டவரும் நெட் விற்பவரும் பெரும்பாலும் ஒரே நிறுவனம். இங்கே ஃபைபர் கம்பி ஒருவருடையது, அதன் மேல் மாதக் கட்டணம் வாங்கி நெட் தருபவர் வேறொருவர். புகார் எப்போதும் நீங்கள் பணம் கட்டுகிற இடத்துக்குத்தான். கம்பிக்காரரிடம் அவர்களே பேசிக்கொள்வார்கள்.

முதலில் லைட்டைப் பாருங்கள்

நெட் நின்றதும் கை ரவுட்டருக்குப் போகக் கூடாது, கண் போக வேண்டும். ஃபைபர் வீட்டில் இரண்டு பெட்டிகள் இருக்கும். சுவரில் மாட்டி மெல்லிய கண்ணாடி இழை நுழைகிற பெட்டி ஒன்று, அதற்கு ஓஎன்டி என்று பெயர். அதிலிருந்து சாதாரண லேன் கேபிள் ஒன்று ரவுட்டரில் 'வேன்' (WAN) என்று குறித்த துளைக்கு வரும். அந்தத் துளை பெரும்பாலும் மற்ற நான்கிலிருந்து நிறம் மாறியோ தள்ளியோ இருக்கும். வீடு பெருக்கும்போது கேபிள் கழன்று, யாரோ நல்ல எண்ணத்தில் பக்கத்து லேன் துளையில் செருகிவைத்திருப்பது நான் அடிக்கடி பார்க்கிற 'கோளாறு'.

ஓஎன்டியில் 'பான்' (PON) என்ற லைட் பச்சையாக அசையாமல் எரிந்தால் தெருவிலிருந்து வெளிச்சம் வருகிறது, கம்பி நன்றாக இருக்கிறது என்று பொருள். 'லாஸ்' (LOS) என்ற லைட் சிவப்பாக மின்னினால் வெளிச்சம் வரவில்லை. இந்த ஊரில் டிராஃபிக் சிக்னலுக்கு ரோபோ என்று பெயர் என்பது இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ரோபோவில் சிவப்பு விழுந்தால் நிற்பதுபோல இங்கேயும் நின்றுவிடுங்கள். ரவுட்டரில் எதை மாற்றினாலும் சிவப்பு போகாது. இழை எங்காவது கூர்மையாக மடிந்திருக்கிறதா, அலமாரியை நகர்த்தும்போது நசுங்கியதா என்று மட்டும் பாருங்கள். பச்சை முனை கழன்றிருந்தால் மெதுவாக அழுத்துங்கள். முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்து உள்ளே பார்க்காதீர்கள். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணுக்கு ஆகாது. மற்றது கம்பிக்காரர் வேலை. என் வீட்டில் ஒருமுறை கம்பத்திலிருந்து கூரைக்கு வரும் இழையில் குரங்கு ஊஞ்சலாடியதுதான் காரணம். டர்பனில் குடியிருப்பவருக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

இன்னும் செம்புக் கம்பி போன் லைனில் ஏடிஎஸ்எல் ஓடும் வீடு கிடைத்துவிட்டால் ஒரு குறிப்பு. ஊரிலிருந்து பிஎஸ்என்எல் மோடத்தைக் கொண்டுவந்திருந்தால் அதில் விபிஐ, விசிஐ என்ற இரண்டு லைன் எண்கள் 0, 35 என்று இருக்கும். இங்கே டெல்காம் லைனுக்கு 8, 35. அந்த ஓர் எண் தப்பினால் மணி தவறான கேட்டில் அடித்த மாதிரிதான்.

கரண்ட் போய் வந்த பிறகு

இங்கே நெட் கோளாறுகளில் பெரிய பங்கு இதற்குத்தான். லோட் ஷெட்டிங், அதாவது முறை வைத்துக் கரண்டை நிறுத்துவது, 2023-இல் ஒரு நாளைக்கு எட்டு, பத்து மணி நேரம் வரைக்கும் போனது. 2024 மார்ச் கடைசியிலிருந்து பெருமளவு நின்று, 2025 தொடக்கத்தில் சில நாட்கள் மறுபடி எட்டிப் பார்த்தது. அது இல்லாத நாளிலும் தெரு டிரான்ஸ்ஃபார்மர் வெடிப்பதும் கேபிள் திருடு போவதும் உண்டு. ஆகவே இதை நன்றாகத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

கரண்ட் திடீரென்று போகும்போது உங்கள் ரவுட்டர் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவதில்லை. காவலாளியின் நோட்டில் நீங்கள் இன்னும் காம்ப்ளெக்ஸுக்குள் இருப்பதாகவே பதிவாகியிருக்கும். கரண்ட் வந்ததும் ரவுட்டர் ஓடிப்போய் அதே பெயரைச் சொன்னால், "இந்தப் பெயரில் ஆள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறாரே" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். பழைய பதிவு காலாவதியாகச் சில நிமிடங்கள் ஆகும். அந்த நேரத்தில் தெரு முழுக்க இருக்கும் ரவுட்டர்களும் ஒன்றாக மணி அடித்துக்கொண்டிருக்கும். இந்த இரண்டும் சேர்ந்ததைத்தான் 'பாஸ்வேர்ட் தப்பு' என்று ரவுட்டர் காட்டும், நம் ஆட்கள் ஊசியைத் தேடுவார்கள்.

அதனால் செய்ய வேண்டியது இது. இரண்டு பெட்டிகளையும் அணையுங்கள். பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். டீ போட்டுக் குடித்தால் சரியாக இருக்கும். அப்புறம் ஓஎன்டியை மட்டும் போடுங்கள். பான் லைட் அசையாமல் நின்ற பிறகுதான் ரவுட்டர். இரண்டையும் ஒன்றாகப் போட்டால், ஓஎன்டி விழித்துக்கொள்வதற்கு முன்பே ரவுட்டர் டயல் செய்து, பதில் வராமல் சலித்துப்போய், சில மாடல்களில் நீண்ட நேரம் மறுபடி முயலாமல் உட்கார்ந்துவிடும். ரவுட்டரின் டயல் அமைப்பில் 'தேவைப்பட்டால் இணை', 'கைமுறை', 'எப்போதும் இணைப்பில்' என்று இருக்கும், கடைசியதையே தேர்ந்தெடுங்கள். கைமுறையில் விட்டுவிட்டால் ஒவ்வொரு முறை கரண்ட் போய் வரும்போதும் நீங்களே உள்ளே போய் கனெக்ட் அழுத்த வேண்டியிருக்கும்.

ரவுட்டருக்கும் ஓஎன்டிக்கும் சேர்த்து ஒரு மினி யுபிஎஸ் வாங்கிவிடுங்கள். வாங்கும் முன் இரண்டு அடாப்டர்களின் அடியிலும் என்ன வோல்ட் என்று படியுங்கள். பல பெட்டிகள் 12 வோல்ட், சில 9. மினி யுபிஎஸ்ஸில் இரண்டு துளையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், அடாப்டர் முனையும் இரண்டிலும் ஒரே மாதிரி நுழையும். 9 வோல்ட் பெட்டியை 12-இல் செருகினால் அது பொசுங்கிவிடலாம். சுவர் பிளக் விஷயத்தில் பயம் வேண்டாம். இங்கேயும் ஊர் மாதிரி 230 வோல்ட்தான். பிளக் மட்டும் நம் ஊரில் ஏசிக்கும் கீசருக்கும் வரும் அந்தத் தடித்த 15 ஆம்ப் மூன்று முனை. இங்கே சாதாரணச் சாமானுக்கே அதுதான். கோடைக்காலத்தில் இடி மின்னல் தொடங்கினால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். கண்ணாடி இழை வழியே மின்னல் வராது, கரண்ட் கம்பி வழியே வரும்.

பெயர் சொல்லியும் கேட் திறக்காவிட்டால்

லைட் பச்சை, கேபிள் சரி, காத்திருந்தும் ஆயிற்று, இன்னும் வரவில்லை. இப்போது ரவுட்டருக்குள் போகலாம். பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியை, பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1, பிரவுசரில் அடியுங்கள். நெட் இல்லாவிட்டாலும் இந்தப் பக்கம் திறக்கும். இது உங்கள் வீட்டுக்குள்ளேயே இருப்பது. அங்கே இணைய நிலை என்ற இடத்தில் ஐபி முகவரி 0.0.0.0 என்று இருந்தால் சீட்டு கிடைக்கவில்லை. பக்கத்தில் காரணம் எழுதியிருக்கும்: பதில் இல்லை என்றோ, சரிபார்ப்பில் தோல்வி என்றோ.

ரவுட்டர் ஒன்றும் சொல்லாமல் மழுப்பினால், விண்டோஸ் மடிக்கணினியை ஓஎன்டியில் நேராகச் செருகி, புதிய பிராட்பேண்ட் இணைப்பு உருவாக்கி, அதிலிருந்தே டயல் செய்து பாருங்கள். இப்போதைய மடிக்கணினிகளில் லேன் துளையே இல்லை, அதற்கு ஒரு யுஎஸ்பி அடாப்டர் வேண்டும். இங்கே வரும் எண்கள் வெளிப்படையாகப் பேசும். 651 என்றால் மணிக்குப் பதில் இல்லை: கேபிள், ஓஎன்டி, அல்லது மறுமுனை. 691 என்றால் காவலாளி பதில் சொன்னார், ஆனால் பெயரோ பாஸ்வேர்டோ பிடிக்கவில்லை: எழுத்துப்பிழை, பழைய பதிவு, அல்லது பில் கட்டாமல் நிறுத்திவைத்த கணக்கு. மடிக்கணினியில் டயல் ஆகி ரவுட்டரில் ஆகவில்லை என்றால் பழி ரவுட்டர் மேல்தான்.

691-ஐப் பற்றி ஒரு சொந்தக் கதை. சாட்ஸ்வொர்த்தில் ஒரு வீட்டின் பின்கட்டில் குடியிருந்த தம்பிக்கு நெட் போட்டுக்கொடுக்கப் போயிருந்தேன். யூசர்நேம், பாஸ்வேர்ட் இரண்டும் மெயிலில் வந்திருந்தன. காப்பி செய்து ஒட்டினோம், 691. மறுபடி ஒட்டினோம், 691. நெட் நிறுவனத்துக்குப் போன் செய்து பாஸ்வேர்டை மாற்றச் சொல்லி அதையும் ஒட்டினோம். இதற்குள் வீட்டுக்கார ஆன்ட்டி ரொட்டியும் பீன்ஸ் கறியும் கொண்டுவந்து வைத்து, சாப்பிட்டு முடித்துத் தட்டும் கழுவியாயிற்று. கடைசியில் பார்த்தால், மெயிலிலிருந்து காப்பி செய்யும்போது யூசர்நேமின் முடிவில் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. கர்சரைக் கடைசிக்குக் கொண்டுபோனபோதுதான் ஓர் எழுத்து அகலம் தள்ளி நின்றது. அன்றிலிருந்து நான் ஒட்டுவதில்லை, கையால்தான் அடிப்பேன். பூஜ்யமா ஓ-வா, ஒன்றா எல்-லா என்பதையும் பார்த்து, அட் குறிக்குப் பின்னால் வருவதையும் விடாமல் அடியுங்கள். அதை விட்டுவிடுகிறவர்களும் நிறைய.

உள்ளே போயும் பக்கம் திறக்காவிட்டால்

டயல் ஆகிவிட்டது, ஐபி முகவரியும் இருக்கிறது, ஆனால் எதுவும் திறக்கவில்லை. கணினியில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து பிங் கட்டளையை 8.8.8.8-க்கு அடியுங்கள். பதில் வந்தால் லைன் நன்றாக இருக்கிறது. பெயரை எண்ணாக மாற்றித்தரும் டிஎன்எஸ்தான் தூங்குகிறது. ரவுட்டரில் டிஎன்எஸ் இடத்தில் 1.1.1.1, 8.8.8.8 இரண்டையும் போட்டுச் சேமியுங்கள். பெரும்பாலும் அத்துடன் சரியாகிவிடும்.

வாட்ஸாப் வருகிறது, கூகுள் வருகிறது, பேங்க் பக்கமோ ஆபீஸ் விபிஎன்னோ மட்டும் பாதியில் தொங்குகிறது என்றால் எம்டியு அளவைப் பாருங்கள். சாதாரணமாக ஒரு பொட்டலம் 1500 பைட். பிபிபிஓஇ தன் பங்குக்கு 8 பைட் எடுத்துக்கொள்வதால் மிச்சம் 1492. ரவுட்டரில் 1500 என்று இருந்தால் பெரிய பொட்டலங்கள் வாசலில் சிக்கலாம், சிறியவை மட்டும் நுழைந்துவிடும். 1492 என்று மாற்றுங்கள். வேலைக்காக வீட்டிலிருந்தே விபிஎன் போடுகிற ஐடி ஆட்களுக்கு இது ஒன்று தெரிந்தால் போதும், பாதி நாள் மிச்சம்.

ரவுட்டர் நன்றாக இருந்து உங்கள் கணினிக்கு மட்டும் வரவில்லை என்றால், கணினியின் முகவரியைப் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் அதற்கு முகவரி தரவில்லை. பின்கட்டில் வாடகைக்கு இருப்பவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். முன்வீட்டு ரவுட்டரிலிருந்து கேபிள் இழுத்து உங்கள் பழைய ரவுட்டரின் லேன் துளையில் செருகினால், ஒரே வீட்டில் முகவரி கொடுக்க இரண்டு பேர் ஆகிவிடுவார்கள். உங்களுடையதில் டிஹெச்சிபியை அணைத்து, அதன் முகவரியை 192.168.1.2 போல முன்வீட்டில் வேறெதுவும் பயன்படுத்தாத ஒன்றாக மாற்றுங்கள். இல்லாவிட்டால் முன்வீட்டு ஆன்ட்டியின் டிவியும் சேர்ந்து நிற்கும், வாடகை உறவும் கொஞ்சம் ஆடும்.

எல்லாம் சரி, இங்குள்ள பக்கங்கள் வேகமாகத் திறக்கின்றன, ஊருக்கு வீடியோ கால் மட்டும் இழுக்கிறது என்றால் கோளாறு கடலுக்கடியில் நாடுகளை இணைக்கும் கேபிளில் இருக்கலாம். 2024 மார்ச்சில் மேற்கு ஆப்பிரிக்கக் கரையோரம் சில கேபிள்கள் அறுந்தபோது இங்கேயும் பல சேவைகள் தடுமாறின. நம் மாகாணத்தில் எம்டுன்சினிக் கரையேறும் சேஃப் கேபிள் 2002-இல் போட்டது. ரீயூனியன், மொரீஷியஸ் தொட்டுக் கொச்சி வழியாகப் பினாங்குக்குப் போகிறது. 1860-இல் மெட்ராஸிலிருந்து டர்பனுக்குக் கப்பலில் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்கள் கடந்த அதே கடல்தான். அதில் கோளாறு என்றால் நீங்களும் நானும் செய்ய ஒன்றுமில்லை.

போன் செய்யும்போது

நெட் நிறுவனத்தை அழைக்கும் முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எத்தனை மணிக்கு நின்றது, ஓஎன்டியில் எந்த லைட் என்ன நிறம், டயலில் என்ன எண் வந்தது. "நெட் வரல" என்றால் ரீஸ்டார்ட் செய்யச் சொல்லி ஆரம்பத்திலிருந்து நடத்துவார்கள். "லாஸ் லைட் சிவப்பு, காலை ஏழு மணியிலிருந்து" என்று சொன்னால் நேரே கம்பிக்காரருக்குப் புகார் போகும். ரெஃபரன்ஸ் நம்பரை வாங்காமல் போனை வைக்காதீர்கள். அவர்களே ரீசெட் குத்தச் சொன்னால், யூசர்நேமையும் பாஸ்வேர்டையும் முதலில் அனுப்பச் சொல்லி, கைக்கு வந்த பிறகு குத்துங்கள்.

டெக்னீஷியன் "ஜஸ்ட் நவ்" வருகிறேன் என்றால் வாசலில் போய் நிற்காதீர்கள். இந்த ஊர் இங்கிலீஷில் அதற்கு 'அப்புறம் பார்க்கலாம்' என்று அர்த்தம். சாயங்காலமாகவும் இருக்கலாம், நாளையாகவும் இருக்கலாம். "நவ் நவ்" என்றால்தான் கொஞ்சம் சீக்கிரம். வந்ததும் நாயைக் கட்டுங்கள், கேட் ரிமோட்டைக் கையில் வைத்திருங்கள். வேலை முடிந்ததும் அவர் கையெழுத்து கேட்பதற்கு முன், ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டுத் தானாக டயல் ஆகிறதா என்று அவர் முன்னாலேயே பாருங்கள். பெட்டியை மாற்றியிருந்தால் புது யூசர்நேம், பாஸ்வேர்டை எழுதி வாங்குங்கள். எல்லா லைட்டும் சரியாக எரியும்போது ஒரு போட்டோவும் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை எது மாறியிருக்கிறது என்று ஒப்பிட உதவும். என் வீட்டில் அந்தத் தாள் டிபி போர்டு (வீட்டின் மெயின் ஸ்விட்ச் பெட்டி) கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. கரண்ட் போனால் எல்லோரும் முதலில் ஓடுவது அங்கேதான்.